நடுத்துணிக்குத்தான் பஞ்சம்

பல்லடம், சோமனூர் பக்கம் போனால் தறிச் சத்தம் ஓயாது. திருப்பூரில் தெருவுக்குத் தெரு பனியன் கம்பெனி. பஞ்சு நூலாகி, துணியாகி, சாயமேறி, தைத்துப் பெட்டிக்குள் போவது வரை எல்லா வேலையும் ஒரு மணி நேரப் பயண தூரத்துக்குள் முடிந்துவிடும். அப்படிப்பட்ட கொங்கு நாட்டிலும் 2020 மார்ச்சில் கொரோனா பரவியபோது மாஸ்க்குக்காக மருந்துக் கடை மருந்துக் கடையாக ஏறி இறங்க வேண்டியிருந்தது. "இத்தனை தையல் மெஷின் இருந்தும் ஒரு மாஸ்க்குக்கு வழியில்லையா?" என்று அன்று கேட்டவர்கள் கேட்டது நியாயம். அதற்கான பதில் தெரிந்தால்தான் அடுத்த தொற்றுக்கு முன்னேற்பாடு செய்ய முடியும். வாளையாறைத் தாண்டினால் கேரளம். அங்கே 2018இல் நிபா வைரஸ் வந்தது, பிறகும் திரும்ப வந்தது. எல்லையில் இருக்கிற நமக்கு இது என்றோ நடந்து முடிந்த கதை இல்லை.

முதலில் சர்ஜிக்கல் மாஸ்க்கைப் பிரித்துப் பார்ப்போம். கத்தரியால் ஓரத்தை வெட்டினால் மூன்று படலம் தனித்தனியாக வரும். வெளிப்புறமும் உட்புறமும் ஸ்பன்பாண்ட், அதாவது நெய்யாமல் இழைகளைச் சூட்டில் ஒட்டிச் செய்த துணி. ஒவ்வொன்றும் சதுர மீட்டருக்கு 25 கிராம் அளவில் இருக்கும். வெளிப்படலம் தண்ணீர் ஒட்டாதது, உட்படலம் முகத்தில் உறுத்தாதது. கிருமியைத் தடுக்கும் வேலையைச் செய்வது நடுவில் இருக்கிற மெல்ட்ப்ளோன். நடுத்துணி என்று நான் சொல்வது இதைத்தான். பாலிப்ரோப்பிலீன் என்ற பிளாஸ்டிக்கை உருக்கி, மிக நுண்ணிய துளைகள் வழியாக வெளியே தள்ளி, அதே இடத்தில் சூடான காற்றை வேகமாக அடித்தால் ஒன்றிலிருந்து ஐந்து மைக்ரான் தடிமனுள்ள இழைகளாகச் சிதறிப் படியும். அதன் மேல் உயர் மின்னழுத்தம் காட்டி நிலைமின்னூட்டம் ஏற்றுவார்கள். இழைகளின் இடைவெளியைவிடச் சிறிய துகளும் அதில் ஒட்டிக்கொள்வது இந்த மின்னூட்டத்தால்தான். மின்னூட்டம் போய்விட்டால் படலம் பார்வைக்கு அப்படியே இருக்கும், வடிகட்டும் திறன் மட்டும் பாதாளத்துக்குப் போய்விடும்.

நமது தறியிலோ நிட்டிங் மெஷினிலோ இந்தப் படலத்தைச் செய்ய முடியாது. அதற்கான டையை, அதாவது அந்த நுண்துளை அச்சைத் துல்லியமாகச் செய்பவர்கள் உலகத்திலேயே சிலர்தான். ஆர்டர் கொடுத்து, வந்து இறங்கி, ஓட்டிப் பழகுவதற்குள் மாதங்கள் ஓடிவிடும். தொற்றோ சில வாரங்களிலேயே பரவிவிடும்.

கணக்கு இதுதான். மடிப்பு வைப்பதற்கு முன் ஒரு மாஸ்க்குக்கு ஏறக்குறைய 17.5 × 19 சென்டிமீட்டர் படலம் வேண்டும். 25 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 25 கிராம்) மெல்ட்ப்ளோன் ஒரு கிலோ வாங்கினால், கழிவு போக 1,000 முதல் 1,100 மாஸ்க் வரும். ஒரு டன்னுக்குப் பத்து லட்சத்துக்குச் சற்று மேல். 2011 கணக்கெடுப்பின்படி திருப்பூர் மாவட்டத்தின் மக்கள்தொகை 24.79 லட்சம். அதில் 60 விழுக்காட்டினர் வெளியே போகிறார்கள், ஆளுக்கு நாளொன்றுக்கு ஒன்று போட்டு எறிகிறார்கள் என்று வையுங்கள். நாளைக்கு 15 லட்சம் மாஸ்க், ஒன்றரை டன் நடுத்துணி. இந்த ஒரு மாவட்டத்துக்கு மட்டும், ஒவ்வொரு நாளும்.

மெஷின் கணக்கும் பார்த்துவிடலாம். நிமிடத்துக்கு 100 மாஸ்க் வெட்டும் மெஷின் 20 மணி நேரம் ஓடி, நிறுத்தம் பழுது போக 80 விழுக்காடு கொடுத்தால் 96,000 வரும். 15 லட்சத்துக்குப் பதினாறு மெஷின். இதில் கண்ணுக்குத் தெரியாத முடிச்சு ஒன்று உண்டு. மடிப்பு வைத்து மூக்குக்கம்பி செருகி வெட்டித் தரும் மெஷின் வேகமாக ஓடும். காது எலாஸ்டிக்கை ஒட்டும் மெஷின் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்காது. அதனால்தான் ஒரு வெட்டும் மெஷினுக்கு இரண்டு ஒட்டும் மெஷின் என்று ஜோடி சேர்த்து விற்கிறார்கள். கையால் ஒட்டும் மெஷினை நம்பி இறங்கினால் ஆளுக்கு நிமிடத்துக்கு எட்டோ பத்தோதான் நகரும். வெட்டிய மாஸ்க் எலாஸ்டிக் இல்லாமல் கூடை கூடையாக நிற்கும்.

ஒட்டுவது அல்ட்ராசோனிக், அதாவது காதுக்குக் கேட்காத ஒலி அதிர்வில். அதிர்வும் அழுத்தமும் கூடினால் ஓரத்தில் ஊசிமுனை அளவு ஓட்டை விழும், குறைந்தால் படலம் பிரியும் அல்லது காதுக்கயிறு கையோடு வரும். சோதிக்க எளிய வழி: ஒரு கிலோ எடையைக் கயிற்றில் கட்டி ஐந்து விநாடி தொங்கவிடுங்கள். பத்து நியூட்டன் இழுப்புக்கு அது சமம், ஒட்டு தாங்க வேண்டும். ஷிப்டுக்கு ஒருமுறை போதாது. எலாஸ்டிக் சுருள் மாற்றும்போதெல்லாம் பார்க்க வேண்டும், ஏனென்றால் சுருளுக்குச் சுருள் தடிமன் மாறும்.

ஆக, போட்டு எறியும் மாஸ்க்கால் ஊரையே மூட முடியாது. மூட முயன்றால் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நடுத்துணியைப் பொதுமக்கள் கையில் கொடுத்து வீணாக்குவோம். நமது பலம் தறியிலும் தையலிலும் இருக்கிறது. நடுத்துணி முழுக்க ஆஸ்பத்திரிக்கு, ஊருக்குத் துணி மாஸ்க் என்று முதல் வாரத்திலேயே பிரித்துவிட வேண்டும். இந்தப் பிரிவினையைத் தாமதமாகச் செய்வதுதான் தட்டுப்பாட்டின் பெரும்பகுதிக்குக் காரணம் என்பது என் உறுதியான கருத்து. துணி மாஸ்க், சர்ஜிக்கல் மாஸ்க்குக்கு ஈடாக வடிகட்டாது என்பதை மறைக்க வேண்டாம். போட்டிருப்பவரின் எச்சில் துளி வெளியே தெறிக்காமல் பிடிப்பதில் அது நன்றாகவே உதவும். எல்லாரும் போட்டால் அந்தப் பயன் எல்லாருக்கும் சேரும்.

அதே 25 லட்சம் பேருக்குத் துணி மாஸ்க் கணக்கைப் போடுவோம். ஒன்று முகத்தில், ஒன்று கொடியில், ஒன்று கையிருப்பில் என்று ஆளுக்கு மூன்று. மொத்தம் 75 லட்சம். மடிப்பு வைத்த மாஸ்க்குக்கு 22 × 18 சென்டிமீட்டர் துண்டு. 112 சென்டிமீட்டர் அகலத் துணியில் குறுக்கே ஐந்து துண்டு வரும். இரண்டு அடுக்கென்றால் சுருக்கமும் கழிவும் போக மீட்டருக்கு 12 மாஸ்க். மொத்தம் ஆறேகால் லட்சம் மீட்டர். ஒரு விசைத்தறி நாளைக்கு 50 மீட்டர் நெய்தால் ஆயிரம் தறிக்குப் பன்னிரண்டரை நாள் வேலை. ஒரு டெய்லர் ஷிப்டுக்கு 120 தைத்தால் 5,000 டெய்லருக்கும் அதே பன்னிரண்டரை நாள். நம் பகுதியில் இருக்கிற தறிக்கும் டெய்லருக்கும் இது ஒரு ஓரம்தான். ஒருமுறை தைத்துக் கொடுத்தால் மாதக் கணக்கில் ஓடும். ஒவ்வொரு நாளும் ஒன்றரை டன் தேடி அலைய வேண்டியதில்லை.

இடிக்கிற இடம் எலாஸ்டிக். காதுக்கு 18 சென்டிமீட்டர் வீதம் மாஸ்க்குக்கு 36. எழுபத்தைந்து லட்சத்துக்கு 27 லட்சம் மீட்டர், அதாவது 2,700 கிலோமீட்டர் எலாஸ்டிக். துணி கையில் இருந்தும் இதற்காகக் காத்திருக்க நேரும். இங்கே பனியன் ஊரின் சொத்து ஒன்று கைகொடுக்கும். சிங்கிள் ஜெர்சி என்கிற ஒற்றைப் பின்னல் பனியன் துணியின் கட்டிங் வேஸ்ட்டைக் குறுக்குவாக்கில், துணி நன்றாக இழுபடும் திசையில், ஒன்றரை முதல் இரண்டு சென்டிமீட்டர் பட்டையாக வெட்டி ஒரு இழுப்பு இழுத்தால் தானாகச் சுருண்டு கயிறாகிவிடும். மென்மையாக இருக்கும், காது புண்ணாகாது, துவைத்தாலும் நிற்கும். நெடுக்குவாக்கில் வெட்டினால் இந்த இழுப்பு கிடைக்காது, கயிறு கட்டையாக நிற்கும். கட்டிங் மாஸ்டருக்கு ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்லாமல் விட்டால் மூட்டை மூட்டையாகத் தவறாக வெட்டி வைத்துவிடுவார்கள்.

துணி எது? நெருக்கமாக நெய்த பருத்தி பாப்ளின் நல்லது. வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். வெளிச்சம் புள்ளி புள்ளியாகக் கொட்டினால் அந்தத் துணி வேண்டாம். தறியிலிருந்து இறங்கிய காடாவை அப்படியே தைக்கக் கூடாது. பாவில் ஏற்றிய கஞ்சி இருக்கும். மூச்சு முட்டும், முதல் துவைப்பில் கஞ்சி போய்த் துணி சுருங்கி மாஸ்க் மூக்குக்கும் தாடைக்கும் எட்டாமல் போகும். வெந்நீரில் அலசிக் காயவைத்த பிறகே வெட்டுவதற்கு அடுக்காக விரிக்க வேண்டும். அவசரத்தில் எல்லாரும் தாண்டிக் குதிக்கிற படி இது.

பனியன் துணியில் தைப்பதானால் சிங்கிள் ஜெர்சியைத் தவிர்த்து, இரட்டைப் பின்னலான இன்டர்லாக் எடுக்க வேண்டும். ஜெர்சி மூக்கின் மேல் இழுபடும்போது கண்ணி விரிந்துவிடும்; மேஜையில் இருந்த நெருக்கம் முகத்தில் இருக்காது. இழுத்து மாட்டத் தேவையில்லாத அளவுக்குத் தாராளமாக வெட்டுவதுதான் வழி. முன்பக்கம் தடிமனான ரப்பர் பிரிண்ட் போட்டுக் கம்பெனி பெயர், கட்சிச் சின்னம் என்று அச்சடிப்பது பெரிய கேடு. பிரிண்ட் போட்ட இடத்தில் காற்று போகாது. போகாத காற்று கன்னத்து இடுக்கு வழியாக வெளியேறும், உள்ளே வருவதும் அதே வழிதான்.

மூன்று அடுக்குத் துணி மாஸ்க்குக்கு உலக சுகாதார நிறுவனம் 2020 ஜூன் 5 அன்று ஒரு வழிகாட்டுதல் தந்தது: உள்ளே ஈரம் உறிஞ்சும் பருத்தி, நடுவில் நெய்யாத பாலிப்ரோப்பிலீன், வெளியே ஈரம் ஒட்டாத பாலியஸ்டர் போன்றது. நடுவில் வைக்க ஸ்பன்பாண்ட் போதும், மெல்ட்ப்ளோனைத் தொட வேண்டியதில்லை. ஆனால் அயர்னிங் டேபிளில் கவனம் வேண்டும். பாலிப்ரோப்பிலீன் 160 டிகிரி பக்கத்திலேயே உருகிவிடும். பருத்திக்கு வைக்கிற 200 டிகிரி சூட்டில் தேய்த்தால் நடு அடுக்கு உருகிக் கட்டிதட்டி, மாஸ்க் அட்டை மாதிரி ஆகிவிடும். வெளியே ஒன்றும் தெரியாது. வாங்கிப் போட்டவருக்கு மூச்சு வாங்கும்போதுதான் தெரியும்.

தையல் வரிசையில் தேங்குவது மடிப்பு. பனியன் கம்பெனி டெய்லருக்கு ஓவர்லாக், பிளாட்லாக் தையல் மெஷின்கள் தண்ணீர் பட்ட பாடு. நெய்த துணியில் மூன்று மடிப்பை ஒரே திசையில், ஒரே அளவில் வைப்பது வேறு கை. தகரத்தில் இரண்டரை சென்டிமீட்டர் இடைவெளிக்கு ஒரு அச்சு வெட்டிக் கொடுத்து, மடிப்புக்கு மட்டும் தனி ஆட்களை உட்கார வைத்தால் சிங்கர் மெஷின் காத்திருக்காது. மடிப்பு வெளிப்பக்கம் கீழ்நோக்கி விழ வேண்டும். மேல்நோக்கி இருந்தால் தூசியும் துளியும் பை மாதிரி அதில் தங்கும். மூக்குக்கம்பி பத்து சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது, முனைகளை மடக்கிவிட வேண்டும். கம்பி இல்லாத மாஸ்க்கில் மூக்கின் இரு பக்கமும் திறந்தே கிடக்கும். கண்ணாடி போடுகிறவர்கள் பனி படர்கிறது என்று மாஸ்க்கை இறக்கிவிடுவார்கள்.

மகளிர் சுய உதவிக் குழுக்களுக்குத் துணியைச் சுருளாகக் கொடுப்பது சரிவராது. வீட்டுக்கு வீடு வேறு அளவில் வெட்டுவார்கள். வெட்டிய துண்டு 200, அளந்து நறுக்கிய கயிறு 200, கம்பி 100, தைத்து முடித்த மாதிரி ஒன்று என்று கட்டாகக் கொடுத்தால் நூறு மாஸ்க் எண்ணித் திரும்ப வரும். கூலி பீஸ் ரேட்டாக, எண்ணி வாங்கிய அன்றே கையில் கொடுக்க வேண்டும்.

ஊரடங்கு வந்தால் இன்னொரு சிக்கல். மாஸ்க் தைக்கிற கம்பெனிக்கு அனுமதிச் சீட்டு கிடைக்கும். அதற்கு நூல், எலாஸ்டிக், ஊசி, அட்டைப்பெட்டி கொடுக்கிற நாலு பேருக்குக் கிடைக்காது. ஒரு பெட்டி இல்லாமல் லட்சம் மாஸ்க் தரையில் கிடக்கும். மாவட்ட நிர்வாகத்திடம் கொடுக்கும் பட்டியலில் ஊசி விற்கிற கடை வரைக்கும் எழுத வேண்டும்.

ஆஸ்பத்திரிப் பக்கம் கணக்கு வேறு. படுக்கை எண்ணிக்கையை வைத்துப் போட்டால் தப்பும். ஒரு ஷிப்டுக்கு நோயாளியை நெருங்குகிறவர் எத்தனை பேர் என்று எண்ண வேண்டும். டாக்டர், நர்ஸ் மட்டும் போதாது, துப்புரவுப் பணியாளர், ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவர், எக்ஸ்ரே எடுக்கிறவர், வாசலில் நிற்கிற காவலாளி வரைக்கும். சர்ஜிக்கல் மாஸ்க் நனைந்தாலோ நாலைந்து மணி நேரம் ஆனாலோ மாற்ற வேண்டும். ஷிப்டுக்கு ஆளுக்கு இரண்டு. ஒரு ஷிப்டில் 40 பேர், மூன்று ஷிப்டு என்றால் நாளைக்கு 240. கையிருப்பை இதால் வகுத்தால் எத்தனை நாள் ஓடும் என்பது தெரியும். இந்த ஒரே எண்ணை தினமும் காலையில் ஸ்டோர் பலகையில் எழுதுங்கள். பதினைந்து நாளுக்குக் கீழே இறங்கினால் ஆர்டர், ஏழுக்குக் கீழே என்றால் அவசரமில்லாத அறுவைச் சிகிச்சைகளைத் தள்ளிப்போடுவது என்று முன்கூட்டியே முடிவெடுத்து வையுங்கள். நெருக்கடி நடுவில் உட்கார்ந்து பேசினால் முடிவு வராது.

என்95 மாஸ்க் கிடைப்பது இன்னும் அரிது. 0.3 மைக்ரான் துகளில் 95 விழுக்காட்டைப் பிடிக்கும் என்பது அதன் தகுதி. முகத்தோடு ஒட்டி உட்கார்ந்தால்தான் அந்தத் தகுதிக்கு அர்த்தம். தாடி இருந்தால் ஒட்டாது. தலைக்குப் பின்னால் போகும் இரண்டு பட்டை, காதுக்கயிற்றைவிட இறுக்கமாகப் பிடிக்கும். தட்டுப்பாட்டுக் காலத்தில் ஆளுக்கு ஐந்து கொடுத்து, ஐந்து காகிதப் பையில் நாளை எழுதி, முறை வைத்துப் போட்டுக்கொள்ளலாம். ஒன்றைத் திரும்ப எடுப்பதற்குள் நாட்கள் கடந்து அதிலிருக்கும் வைரஸ் செயலிழந்திருக்கும். பிளாஸ்டிக் பையில் வைத்தால் ஈரம் காயாது. சானிடைசர் தெளிப்பதும் சோப்பில் அலசுவதும் மின்னூட்டத்தை அழித்துவிடும். நல்லெண்ணத்தோடு செய்து நல்ல மாஸ்க்கைப் பாழாக்குவது பெரும்பாலும் இப்படித்தான். வால்வு வைத்த என்95 போட்டிருப்பவரின் மூச்சை வடிகட்டாமல் வெளியே விடும். தொற்றுக் காலத்தில் அதைக் கூட்டத்துக்குள் போடக் கூடாது.

இனி மக்கள் பக்கம். கடையில் "மாஸ்க் இல்லை" என்று பலகை தொங்கினால், அதுவரை தேடாதவரும் தேட ஆரம்பிப்பார். இருக்கிறதா, எப்போது வரும், என்ன விலை என்ற மூன்றும் தெரியாதபோதுதான் கிடைத்த இடத்தில் பெட்டியோடு அள்ளுகிறார்கள். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை; வீட்டில் வயதான அப்பா அம்மா இருந்தால் எவரும் அதைத்தான் செய்வார். "வியாழக்கிழமை சரக்கு வருதுங்க, ஆளுக்கு அஞ்சு, பத்து ரூவா" என்று தேதியும் அளவும் விலையும் சேர்த்துச் சொல்கிற கடையில் சண்டை நடக்காது, சொன்ன தேதியில் சரக்கு தவறாமல் வந்துகொண்டிருக்கும்வரை.

தைவான் இதை நாடு முழுவதும் செய்து காட்டியது. 2020 பிப்ரவரி 6 முதல் சுகாதாரக் காப்பீட்டு அட்டையைக் காட்டினால் வாரத்துக்கு இரண்டு மாஸ்க், ஒன்று 5 தைவான் டாலர். அடையாள எண் ஒற்றைப்படையில் முடிந்தால் திங்கள், புதன், வெள்ளி, இரட்டைப்படை என்றால் செவ்வாய், வியாழன், சனி, ஞாயிறு எல்லாருக்கும். எந்த மருந்தகத்தில் எத்தனை இருக்கிறது என்பதைக் கைபேசி வரைபடத்தில் பார்க்க முடிந்தது. தென்கொரியா மார்ச் 9 முதல் பிறந்த ஆண்டின் கடைசி இலக்கத்தை வைத்து வாரநாள்களைப் பிரித்தது. நமக்குப் புது அட்டை எதுவும் தேவையில்லை. குடும்ப அட்டை இருக்கிறது, ரேஷன் கடை இருக்கிறது, டோக்கன் கொடுத்துக் கூட்டம் பிரிக்கிற பழக்கம் பொங்கல் பரிசிலேயே இருக்கிறது. 2020 ஜூலையில் தமிழ்நாடு அரசு ஆளுக்கு இரண்டு துணி மாஸ்க்கை அந்த வழியில்தான் கொடுக்கத் தொடங்கியது. வழி சரி. ஊரடங்கு தொடங்கியது மார்ச் 25. இடைப்பட்ட நான்கு மாதம் குறைந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

ரேஷனில் வராதவர்களை மறக்கக் கூடாது. திருப்பூர் விடுதிகளிலும் லைன் வீடுகளிலும் இருக்கிற வடமாநிலத் தொழிலாளர்களுக்கு இங்கே அட்டை இருக்காது. அவர்களுக்குக் கம்பெனி வழியாகத்தான் போக வேண்டும். அறிவிப்பு இந்தியிலும் ஒடியாவிலும் இருக்க வேண்டும்.

சொல்கிற காரணத்தில் உண்மை வேண்டும். 2020 தொடக்கத்தில் பல நாட்டு அதிகாரிகள், "பொதுமக்களுக்கு மாஸ்க்கால் பயனில்லை, மருத்துவர்களுக்கு விட்டுவிடுங்கள்" என்று ஒரே மூச்சில் பேசினார்கள். பயனில்லாத பொருள் மருத்துவருக்கு எதற்கு என்று மக்கள் கேட்டார்கள். சில வாரங்களில் எல்லாரும் போடுங்கள் என்று மாற்றிச் சொன்னபோது கேட்க ஆளில்லை. "நடுத்துணி குறைவு, அது ஆஸ்பத்திரிக்கு வேண்டும், உங்களுக்கு இரண்டு அடுக்குத் துணி மாஸ்க் இந்தத் தேதியில் வரும்" என்று நேராகச் சொன்னால் ஜனங்கள் புரிந்துகொள்வார்கள்.

விலைக் கட்டுப்பாடு பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 2020 மார்ச் 13 அன்று மாஸ்க் அத்தியாவசியப் பொருளாக அறிவிக்கப்பட்டது. மார்ச் 21 அன்று இரண்டு அடுக்குக்கு 8 ரூபாய், மூன்று அடுக்குக்கு 10 ரூபாய் என்று உச்ச விலை வந்தது. கொள்ளை விலையைத் தடுக்க அது தேவைதான். ஆனால் மெல்ட்ப்ளோன் விலை பல மடங்கு ஏறிக்கொண்டிருக்கும்போது மாஸ்க் விலையை மட்டும் பிடித்து நிறுத்தினால், நேர்மையானவர் மெஷினை நிறுத்துவார். மற்றவர் நடுவிலும் ஸ்பன்பாண்டையே வைத்து மூன்று அடுக்கு என்று விற்பார். மூலப்பொருளின் விலையையும் பங்கீட்டையும் சேர்த்தே பிடிக்க வேண்டும்.

அந்தப் போலியைக் கண்டுபிடிப்பது கடினமில்லை. பெட்டிக்கு ஒன்றை வெட்டிப் பாருங்கள். மெல்ட்ப்ளோன் வெள்ளையாக, மழமழவென்று காகிதம் மாதிரி இருக்கும். ஸ்பன்பாண்டில் குட்டிக் குட்டியாக அழுத்திய புள்ளிகள் வரிசையாகத் தெரியும். நடுப்படலத்தைச் சின்னச் சின்னக் காகிதத் துணுக்குகளுக்கு அருகே கொண்டுபோனால் ஈர்க்க வேண்டும். வெளிப்பக்கம் தண்ணீர் சொட்டு விட்டால் முத்தாக நிற்க வேண்டும். இதெல்லாம் கழித்துக்கட்ட உதவும் சோதனைகள். பாஸ் என்று சொல்ல ஆய்வகம்தான். கோவையிலேயே ஜவுளி ஆராய்ச்சி நிறுவனமான சிட்ரா இருக்கிறது. என்95க்கு இணையான இந்திய எஃப்எஃப்பி2 சுவாசக் கவசம் என்றால் ஐஎஸ் 9473 எண்ணும் ஐஎஸ்ஐ முத்திரையும் இருக்கும். அமெரிக்க என்95 என்றால் டிசி-84ஏ என்று தொடங்கும் அனுமதி எண் மாஸ்க்கின் மேலேயே அச்சாகியிருக்கும். எண் இல்லாமல் என்95 என்ற எழுத்து மட்டும் இருந்தால் வாங்காதீர்கள்.

போட்டு முடித்த மாஸ்க்கை வெட்டி, காகிதப் பையில் 72 மணி நேரம் வைத்த பிறகே குப்பைக்குப் போடச் சொன்னது மத்திய மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்தின் 2020 கொரோனா கால வழிகாட்டுதல். வெட்டுவது, யாரும் பொறுக்கித் துவைத்து மறுபடி விற்காமலிருக்க. ஆஸ்பத்திரியில் அது மஞ்சள் பைக்குப் போக வேண்டும்.

அலை ஓய்ந்ததும் மெஷின் வாங்கியவர்களுக்குத் தலைவலி வரும். கடைசி ஆளாக வாங்கியவர் முதல் ஆளாக நட்டப்படுவார். அரசோ, சங்கமோ, ஆஸ்பத்திரிகள் கூடியோ வருடத்துக்கு இவ்வளவு எடுத்துக்கொள்கிறோம் என்று எழுதிக் கொடுத்தால்தான் நாலு மெஷினாவது துருப்பிடிக்காமல் ஓடும், ஓட்டத் தெரிந்த ஆளும் ஊரில் இருப்பார். ஸ்டோரில் மூன்று மாதச் சரக்கு வைப்பவர்கள் அதைத் தனியாகப் பூட்டி வைக்காமல் அன்றாடச் செலவோடு கலந்து சுழற்ற வேண்டும். வந்த தேதி வெளியே தெரிகிற மாதிரி அடுக்கி, பழையதை முதலில் எடுத்து, புதியதைப் பின்னால் தள்ளுங்கள். பூட்டி வைத்த பெட்டியை ஐந்து வருடம் கழித்துத் திறந்தால் படலம் நன்றாக இருக்கும். எலாஸ்டிக் இழுத்த இழுப்பில் அறுந்து கையில் வரும்.